ஐயா பார்க்காத ஸ்காபரோ

சிவமயம்

கொக்குவில் கிழக்கு,
10.05.1992

அன்புத் தம்பி சோமு,

உன்னையும் குணலட்சுமியையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் நல்லூரான் கைவிடமாட்டான். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவது முறை, ஆகவே எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோ. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டை நோ.

ஐயா உன்னிடம் வருவதற்கு விசா எடுக்கவென்று கொழும்புக்கு வெளிக்கிட்டு ஆறு மாதம் ஆகிறது. நீரேரியில் வள்ளம் கவிழ்ந்ததும், எட்டுப் பேரில் ஐந்து பேர் கரை சேர்ந்ததும், இரண்டு பேரின் உடல் எடுத்ததும், ஐயா அந்த இரண்டு கணக்கிலும் இல்லாததும் உனக்குத் தெரியும். செஞ்சிலுவைச் சங்கத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். ஏதாவது ஒரு முகாமில், ஏதாவது ஒரு மறியலில் அடைபட்டு இருப்பார். வேறு விதமாக நினைக்க எனக்கு விருப்பமில்லை.

போன கிழமை ஆழ்வாப்பிள்ளைச் சித்தப்பா வந்தார். தமையன் காரியம் என்று ஆளுக்குப் பெரிய கவலை. "ஆடி அமாவாசை வருகுது. கீரிமலைக்கு நாங்கள் போகேலாது, ஆமி நிக்கிறான். உன்ரை தம்பி வருசாவருசம் குடும்பத்தோடை கடற்கரைக்குப் போறவன்தானே. அங்கை முழுகி எள்ளும் தண்ணியும் இறைக்கச் சொல்லி எழுது பிள்ளை" என்றார். நான் வாய் திறக்க முதல் அம்மா குசினிக்குள் இருந்து வந்தார். "உடம்பைக் கொண்டுவந்து முற்றத்திலை வையும். அதுக்குப் பிறகு நான் பொட்டை அழிக்கிறன்" என்றார். சித்தப்பா தேத்தண்ணியையும் குடிக்காமல் போய்விட்டார்.

சோமு, விளங்கிக்கொள். தகப்பன் இல்லாதவன்தான் அமாவாசை விரதம் பிடிக்கிறவன். மகன் நீ எள்ளுத் தண்ணீர் இறைத்தால், அடுத்த நாள் ஊர் அம்மாவைக் கைம்பெண் என்று முடிவெடுத்துவிடும். நீ ஒன்றும் செய்யமாட்டேன் என்று எனக்கு எழுதி அனுப்பு. அம்மாவுக்கு வாசித்துக் காட்டவேண்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். குளிருக்குள் கவனமாக இருங்கள்.

அன்புடன் அக்கா,
இராசமலர்

*

லீட்ஸ்,
02.07.1992

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

கடிதம் ஒன்றரை மாதம் ஊர் சுற்றி வந்து சேர்ந்தது. அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், கொழும்பில் இருந்து ஆராவது கொண்டுவருவார்கள். நாங்கள் நால்வரும் சுகம். சின்னவனுக்கு மட்டும் சளி.

நீங்கள் எழுதியதை நாலைந்து தரம் வாசித்தேன். அம்மாவின் மனம் நோக நான் எதுவும் செய்யமாட்டேன் என்று அவவுக்குச் சொல்லுங்கள்.

இந்த முறை விடுமுறைக்கு இங்கிலாந்தின் இந்த ஸ்காபரோக் கடற்கரைக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஐயாவுக்கும் சேர்த்து ஒரு அறை கேட்டு வைத்திருந்த வீடு அது. "வாருங்கோ ஐயா, கடலும் பார்க்கலாம், மலைக்குள்ளை ஓடுற கரிக்கோச்சியும் பார்க்கலாம்" என்று நான் எழுதிய கடிதத்தால்தானே அவர் வெளிக்கிட்டவர். ஆனால் கௌரி அழுகிறாள். குணமும் வருடம் முழுக்க வேலை வேலை என்று களைத்துப்போனாள். யூலை மாதக் கடைசியில், 27ஆந் திகதி போய் ஒரு கிழமை நிற்கப்போகிறோம்.

செஞ்சிலுவைக்காரரை விடாதேங்கோ. இலண்டனில் உள்ள அலுவலகத்துக்கு நானும் எழுதியிருக்கிறேன். உங்கள் தொண்டைக்கு வேர்க்கொம்பு அவித்துக் குடியுங்கள்.

இப்படிக்கு,
சோமு

*

ஸ்காபரோ,
31.07.1992

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டு நாங்கள் அறை எடுத்து நிற்கும் மிசிஸ் ஹார்ட்லியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். எல்லோருக்கும் தேகசுகம். பிள்ளைகள் வெயிலில் கறுத்து அசல் கொக்குவில் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

வெயில் என்று சொன்னேனே தவிர, மூன்று நாள் மழை. இந்தச் சனத்தின் பொறுமை பெரும் பொறுமை அக்கா. மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு துணி நாற்காலியில் வரிசையாக இருந்து, பொரித்த உருளைக்கிழங்கைத் தின்றபடி கடலைப் பார்க்கிறார்கள். கடலும் இவர்களைப் பார்க்கிறது. கழுதைச் சவாரி இருக்கிறது. சின்னவன் ஏறிவிட்டு இறங்கமாட்டேன் என்று நின்றான். மேட்டில் இருந்து கடற்கரைக்கு இறங்க, கம்பியில் கட்டி இழுக்கும் ஒரு சின்னப் பெட்டி ஓடுகிறது. கௌரி அதில் ஏழு தரம் ஏறி இறங்கினாள்.

வியாழக்கிழமை பிக்கரிங் என்ற ஊருக்குப் போய்க் கரிக்கோச்சி ஏறினோம். இதை அம்மாவுக்கு ஆறுதலாக வாசியுங்கள். ஒற்றைத் தண்டவாளம். இரண்டு பக்கமும் மேடு, மேட்டில் செம்மறி. ஊதாப் பூப் பற்றைகள் இப்போதுதான் அங்கங்கே பூக்கத் தொடங்கியிருக்கின்றன. நடுவில் ஒரு ஸ்டேசனில் வண்டி நின்றது. சிக்னல்காரன் ஒரு பெரிய வளையத்தைச் சாரதியிடம் நீட்டினான். ஐயா கொக்குவில் ஸ்டேசனில் நின்று நீட்டுவாரே, அதே மாதிரி. இறங்கிப்போய் என்ரை தகப்பனும் ஸ்டேசன் மாஸ்டர்தான் என்று சொன்னேன். கிழவன் எனக்குக் கை தந்து, உள்ளே கூட்டிப்போய் லீவர்களைக் காட்டினான். "எந்த லைன்?" என்று கேட்டான். யாழ்ப்பாண லைன் என்றேன். அந்த லைனில் இப்போது தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை, எல்லாம் பங்கர் கட்டப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் மாத்திரம் எனக்கு ஒரு அலுவல் இருந்தது. அதனால் அன்றைக்குப் பத்து மணிக்குப் பிறகுதான் வெளிக்கிட்டோம். மற்றப்படி குறை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோமு

*

சிவமயம்

கொக்குவில் கிழக்கு,
08.11.1992

தம்பி சோமுவுக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை. தைலம் வந்தது, அம்மா பூசுகிறார், மணம்தான் பிடிக்கவில்லையாம். சின்னவனின் சளி மாறியிருக்கும் என நம்புகிறேன்.

உன் கடற்கரைக் கடிதம் மூன்று மாதம் கழித்து ஐப்பசி மழையோடு வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆத்திரம். இங்கே ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரிக்கிறோம். ஐயா எந்த இருட்டறையில் கிடக்கிறாரோ தெரியாது. நீ கழுதைச் சவாரி எழுதுகிறாய். எழுதாதே என்று சொல்லவில்லை. பிள்ளைகளின் காலம், அவர்கள் விளையாடத்தான் வேண்டும். ஆனாலும் எனக்கு ஆத்திரம், அதையும் நீ அறிந்து வைத்திரு.

அம்மாவுக்கு ஆத்திரம் இல்லை. அந்தக் கோச்சிப் பகுதியை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "அவை எத்தினையாம் திகதியிலை இருந்து எத்தினையாம் திகதி மட்டும் அங்கை நிண்டவை? வடிவாய்ப் பாத்துச் சொல்லு" என்றார். சொன்னேன். ஓம் என்று போய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார். மகன் நின்ற நாளைக்கூட எண்ணிப் பார்க்கிறா பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கேட்ட வாக்கு உன் முந்திய கடிதத்தில் தெளிவாக வரவில்லை. "மனம் நோக எதுவும் செய்யமாட்டேன்" என்பது அரசியல்வாதி பேசுகிற பேச்சு.

குணத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லோரும் தேகத்தைக் கவனியுங்கள்.

இராசமலர்

*

லீட்ஸ்,
14.08.1993

அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

ஒன்பது மாதமாக ஒரு வரியும் இல்லை. கடிதங்கள் தவறினவா, நீங்கள் எழுதவில்லையா என்று தெரியவில்லை. சுகமாக இருந்தால் போதும், கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே எல்லோரும் நலம்.

இம்முறை ஸ்காபரோவுக்கு முந்திப் போய்விட்டோம், யூலை 17 போய் 24 திரும்பினோம். பள்ளிக்கூடம் மூட இன்னும் ஒரு கிழமை இருந்தது. கௌரியின் ரீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பேசினா. குணமும் பேசினாள். வேலையிடத்தில் அந்தக் கிழமைதான் லீவு தந்தார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். சனம் குறைவு, அதனால் கடற்கரை முழுக்க எங்கடை பிள்ளைகளுக்குத்தான்.

மேட்டு நிலத்தில் பூ ஒன்றும் இல்லை, வெறும் பச்சை. கௌரி, "பூப் பாக்கத்தானே வந்தனாங்கள், பூக்க முதல் ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்" என்று சண்டை. கோச்சி மட்டும் வழமைபோல ஓடியது. சிக்னல்காரக் கிழவன் என்னை மறக்கவில்லை. "உன் தகப்பன் இதைப் பார்க்க வரமாட்டாரா?" என்று கேட்டான். வருவார் என்றேன். வேறு என்ன சொல்ல?

உங்களிடமிருந்து இரண்டு வரி வந்தால் எனக்கு நித்திரை வரும்.

சோமு

*

சிவமயம்

கொக்குவில் கிழக்கு,
19.12.1993

தம்பி சோமுவுக்கு,

இரண்டு வரி கேட்டாய், ஒரு பக்கம் எழுதுகிறேன். நீங்கள் சுகம் என்பதில் எங்களுக்கு ஆறுதல். எங்களுக்கும் நோய்நொடி இல்லை.

நான் எழுதாததற்குக் காரணம் செஞ்சிலுவைக்காரரின் பதில். எந்தப் பட்டியலிலும் ஐயாவின் பெயர் இல்லையாம். பட்டியலில் பெயர் இல்லாத ஆட்கள் எத்தனையோ பேர் மறியலில் இருக்கிறார்கள், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இன்னொன்று. ஆவணியில் பின்வளவுச் செல்வநாயகியின் மகளின் கல்யாணம். ஆலாத்தி எடுக்கச் சுமங்கலிப் பெண்களைக் கூப்பிட்டார்கள். அம்மா வழமைபோல எழும்பினார். இந்த ஒழுங்கையில் எத்தனை கல்யாணத்துக்கு ஆலாத்தி எடுத்த கை. செல்வநாயகி ஓடி வந்து, "நீங்கள் இருங்கோ மாமி, உங்களுக்குக் கால் ஏலாதெல்லோ" என்றாள். கால் ஏலாதாம். அம்மா இருந்துவிட்டார். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, முந்தியைவிடப் பெரிய பொட்டாக வைத்தார். நான் கிணற்றடியில் போய் நின்று அழுதேன்.

ஊர் இவ்வளவு பாடு படுத்துகிறது. நீயாவது கையைச் சுத்தமாக வைத்திரு. பள்ளிக்கூடத்தையும் மறித்துப்போட்டு விடுமுறைக்கு ஓடுகிற விசர்க்கூத்தை இனி ஆடாதே. அம்மா இந்த முறையும் திகதி கேட்டார், வாசித்துச் சொன்னேன்.

குளிர்காலம், பிள்ளைகளின் நெஞ்சை மூடி வை.

இராசமலர்

*

லீட்ஸ்,
20.08.1994

அன்புள்ள மாமிக்கும் அப்பம்மாவுக்கும்,

நான் கௌரி. எனக்குப் பதினொரு வயது. நீங்கள் சுகமா? நான் சுகம். சனிக்கிழமைப் பள்ளியில் தமிழ் படிக்கிறேன். கடிதம் எழுதினால் பரிசு தருவார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், அவருக்கு அது புதினமாக இருக்கட்டும். முகவரி அம்மா தந்தா.

நாங்கள் ஸ்காபரோவுக்குப் போனோம். இந்த முறை மேடு முழுக்க ஊதாப் பூ. நான் ஒரு கட்டுப் பிடுங்கினேன். கோச்சியில் போனோம். கடலில் கால் நனைத்தோம். தண்ணீர் ஐஸ் மாதிரி. அப்பா மட்டும் முழுதாகக் குளிப்பார். ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் விடிய எழும்பிப் போவார். இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை. நான் யன்னலால் பார்த்தேன், பிறகு பின்னாலே போனேன். அப்பா வேட்டி கட்டியிருந்தார். நாய் கூட்டிவந்த ஒரு அங்கிள் பார்த்துச் சிரித்தார். அப்பா மூன்று தரம் தலையோடு முழுகினார். பிறகு கையில் கறுப்பு எள்ளு வைத்துத் தண்ணீர் விட்டு, அப்பப்பாவின் பெயர் சொன்னார். பல்லு நடுங்கினதால் பெயர் வடிவாகச் சொல்ல வரவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கும் மீன் இல்லை, அப்பா பின்னேரம் வரைக்கும் சாப்பிடவில்லை. மிசிஸ் ஹார்ட்லி அவருக்கு வருத்தமா என்று கேட்டா.

அப்பப்பா வந்தபிறகு அவரையும் கூட்டிக்கொண்டு போவோம். அப்பம்மாவின் முழங்கால் சுகமாக வேண்டும்.

உங்கள் அன்புள்ள,
சிவகௌரி

*

சிவமயம்

கொக்குவில் கிழக்கு,
30.10.1994

சோமசேகரத்துக்கு,

பிள்ளையின் கடிதம் வந்தது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல், எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. உங்கள் சுகத்தை அவள் எழுதிவிட்டாள், நான் கேட்கவில்லை.

பேத்தி எழுதியது என்ற சந்தோசத்தில் நான் முதலில் வாசித்துப் பார்க்காமல், வந்த உடனே அம்மாவுக்கு முன்னால் உரத்து வாசித்தேன். பூ, கோச்சி, ஐஸ் தண்ணீர். பிறகு வேட்டி என்று வந்தது. நிறுத்தியிருக்கவேண்டும். நாக்கு நிற்கவில்லை, கடைசி வரை வாசித்துவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா புடைத்து முடித்தார்.

மூன்று வருடம் நான் உன்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். நீ என்னை ஏமாற்றினாய். விடுமுறை விடுமுறை என்று எழுதிவிட்டு ஐயாவுக்கு எள்ளுத் தண்ணீர் இறைத்திருக்கிறாய். வள்ளம் கவிழ்ந்தும் சாகாத மனுசனை நீ ஸ்காபரோவில் வைத்துக் கொன்றுபோட்டாய். அம்மாவுக்கு இனி என்ன இருக்கிறது?

எனக்கு எழுதாதே.

இராசமலர்

*

லீட்ஸ்,
27.11.1994

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு தரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கவும் எனக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது, ஆனாலும் கேட்கிறேன்.

ஓம். செய்தேன். மூன்று வருடமும் செய்தேன். அமாவாசையைப் பார்த்துத்தான் விடுமுறையைப் போட்டேன். பள்ளிக்கூடத்தை மறித்ததும் அதற்காகத்தான், லீவு கதை பொய். குணத்துக்குத் தெரியும், அவள் கேட்டதில்லை. கௌரி பின்னால் வந்தது எனக்குத் தெரியாது.

முதல் வருடம் எள்ளைக் கொண்டுபோயிருந்தாலும், முழுகுவது என்று முடிவெடுத்து நான் போகவில்லை அக்கா. காலையில் சும்மா நடக்கப் போனேன். ஒரு பக்கத்தில், எழுபது வயது வரும், ஒரு வெள்ளைக்காரக் கிழவர் காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் நின்றார். மகன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் கூப்பிட்டிராவிட்டால் ஐயா கொக்குவிலில் பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்திருப்பார் என்று நினைப்பு வந்தது, இறங்கிவிட்டேன். அவர் உயிரோடு இருந்தால் நான் கொஞ்சம் எள்ளைக் கடலில் கொட்டினேன், அவ்வளவுதான், அவர் வந்து எனக்கு ஏசட்டும். உயிரோடு இல்லையென்றால்? தண்ணீருக்குள் போன மனுசனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லாமல் எப்படி விடுவேன்? நான் ஒரே ஒரு மகன்.

அம்மா என்ன சொல்கிறா? அதை மட்டும் எழுதுங்கள். பொட்டை அழித்துவிட்டாவா?

அவவின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். உங்களிடமும்.

சோமு

*

சிவமயம்

கொக்குவில் கிழக்கு,
11.04.1995

அன்புத் தம்பி சோமு,

வருடப் பிறப்பு வருகிறது, உங்கள் எல்லோருக்கும் நல்லதாகப் பிறக்கட்டும். எங்களுக்குச் சுகம். சண்டை நின்ற இந்த மூன்று மாதமாகக் கடிதங்கள் கெதியாக வருகின்றன, மண்ணெண்ணெயும் வருகிறது. எத்தனை நாளைக்கோ.

உன் கடிதத்தை வாசித்து இரண்டு மாதம் கையில் வைத்திருந்தேன். நேற்று அம்மா, "அவனுக்கு நான் சொல்லச் சொல்ல எழுது. ஒரு சொல்லும் கூட்டாதை, குறைக்காதை" என்றார். அவர் சொன்னது இது:

"தம்பி, முதல் வருசம் புதன்கிழமை காலமை ஒரு அலுவல் எண்டு எழுதினாய். கடற்கரையிலை உனக்கு என்ன அலுவல்? நான் பஞ்சாங்கத்தை எடுத்துப் பாத்தன். அடுத்த வருசம் அமாவாசை முந்தி வந்தது, நீயும் முந்திப் போனாய். எனக்கு அண்டைக்கே தெரியும். கொக்கா இராசமலர்தான் ஒண்டும் விளங்காமல் வாசிச்சுக்கொண்டிருந்தவள். நீ மறைக்கிறாய் எண்டால் எனக்காகத்தான் மறைக்கிறாய் எண்டு நானும் பேசாமல் இருந்தன். நீ அவரின்ரை பிள்ளை. பிள்ளையின்ரை கடமையை நீ செய். நான் அவரின்ரை பெண்சாதி. நான் அவர் வரப் பாத்துக்கொண்டிருக்கிறன். இரண்டிலை ஒண்டு பிழையாய்ப் போகும். போகட்டும். என்ரை பொட்டு என்ரை பாடு, அதை ஊரும் கேக்கவேண்டாம், நீயும் கேக்கவேண்டாம். இந்த முறை ஆடி அமாவாசை ஆங்கில மாதம் யூலை இருபத்தேழு, வியாழக்கிழமை. அண்டைக்கு விரதச் சாப்பாட்டிலை காத்தோட்டிக்காய் இருக்கவேணும், அது உங்கை கிடையாது. வத்தல் போட்டுச் செல்வநாயகியின்ரை மருமோனிட்டைக் குடுத்துவிட்டிருக்கிறன், கொழும்பாலை தபாலிலை வரும். முழுகின உடனை தலையை நல்லாத் துவட்டு."

இவ்வளவும் அம்மா சொன்னது. இதற்குக் கீழே உள்ளதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டமாட்டேன், நீயும் பதிலில் எழுதாதே.

ஐயா வெளிக்கிட்ட அன்று விடிய, வாசலில் நின்று யோசித்தார். "வேண்டாம் பிள்ளை, பாதை சரியில்லையாம், பாத்துப் போவம்" என்றார். நான்தான் பையைத் தூக்கிக் கையில் கொடுத்தேன். "தம்பி அறையும் எடுத்துப்போட்டான். போட்டு வாங்கோ ஐயா, கோச்சி ஓடாத ஊரிலை இருந்து என்ன செய்யப்போறியள்" என்று சிரித்துச் சிரித்துப் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். உன் கடிதத்தால் போனார் என்று நீ நினைக்கிறாய். அவர் நின்றுவிட்டார் சோமு, நான்தான் அனுப்பினேன். அவர் இல்லை என்றால் அது என் தலையில் விழும். அதனால்தான் மூன்று வருடமாக உன்னையும் மறித்தேன், ஊரோடும் சண்டை பிடித்தேன். அம்மாவின் பொட்டுக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

யூலை இருபத்தேழு, நீ தண்ணீருக்குள் நிற்கும்போது, ஐயாவின் பெயரைச் சொல்லி எனக்காகவும் ஒரு கை தண்ணீர் விடு.

அன்புடன்,
அக்கா